பத்தாவது ஆள்: இ.எஸ்.ஐ. சட்டமும் சின்ன முதலாளிகளும்

சின்னப் பட்டறை, ஓட்டல், அச்சகம் நடத்துபவர்களிடம் "உங்களிடம் எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "ஒன்பது பேர்" என்று பதில் சொல்பவர்கள் நிறைய. உள்ளே எட்டிப் பார்த்தால் பதினான்கு பேர் இருப்பார்கள்! ஒன்பதைத் தாண்டிய ஆட்களெல்லாம் "தெரிந்த பையன்", "சொந்தக்காரர்", "இன்றைக்கு மட்டும் வந்தவர்". சம்பளப் பதிவேட்டில் மட்டும் ஒன்பது பெயர்களுக்கு மேல் ஏறாது.

காரணம் எளிது. பத்தாவது ஆளின் பெயர் ஏறிவிட்டால் கூடவே இ.எஸ்.ஐ.யும் வந்துவிடும். மாதாமாதம் பணம் கட்ட வேண்டும், கணக்கு காட்ட வேண்டும், அதிகாரி வந்து பதிவேடுகளைப் புரட்டுவார். இந்த "பத்து" ஆதியிலிருந்தே இருந்ததல்ல. முதலில் அது இருபது. அதுவும் மின்சாரத்தில் ஓடும் தொழிற்சாலைகளுக்கு மட்டும். இருபது எப்படிப் பத்தானது, தொழிற்சாலைக்கு வந்த சட்டம் கல்யாண வீட்டில் பேண்டு வாசிப்பவர்கள் வரை எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பது கொஞ்சம் நீளமான கதை. பாடப்புத்தகத்தில் இதை நாலு வரியில் முடித்துவிடுகிறார்கள்.

வெள்ளைக்காரர் காலத்திலிருந்து ஆரம்பிப்போம். 1923ல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. வேலை செய்யும்போது மில்லில் கை போனால், கால் போனால் முதலாளி நஷ்டஈடு தர வேண்டும். சரி, கை போகவில்லை, டைபாய்டு வந்து இருபது நாள் படுத்துவிட்டார் என்றால்? ஒன்றும் கிடையாது. வைத்தியச் செலவும் அவருடையது, இருபது நாள் கூலியும் போனது. பல சமயம் வேலையும் போயிருக்கும். அந்தக் காலத்து ஆலைத் தொழிலாளி கடனாளியாவதற்குக் குடிப்பழக்கம்தான் காரணம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் காய்ச்சலும் பிரசவமும் காசநோயும் எத்தனை குடும்பங்களை வட்டிக்காரரிடம் கொண்டுபோய் நிறுத்தியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

1927ல் ஐ.எல்.ஓ. எனப்படும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, தொழிலாளர்களுக்கு நோய்க் காப்பீடு வேண்டும் என்று உடன்படிக்கை கொண்டுவந்தது. இந்தியா அதை ஏற்கவில்லை. தொழிலாளர்கள் ஓர் ஊரில் நிலையாக இருப்பதில்லை, போதுமான டாக்டர்கள் இல்லை, கூலியில் பிடித்தம் செய்தால் எதிர்ப்பார்கள் என்றெல்லாம் காரணங்கள் அடுக்கப்பட்டன. 1929ல் அமைக்கப்பட்ட விட்லி கமிஷன் 1931ல் கொடுத்த அறிக்கையில் நோய்க் காப்பீடு பற்றி ஆராய வேண்டும் என்று சொன்னது. ஆராய்வதற்கே இன்னொரு பன்னிரண்டு வருடம் ஆனது!

இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1943 மார்ச்சில் பேராசிரியர் பி.பி.அதார்க்கர் என்ற பொருளாதார அறிஞரிடம் அரசு இந்த வேலையை ஒப்படைத்தது. அப்போது வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கவனித்தவர் டாக்டர் அம்பேத்கர். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான், 1942 டிசம்பரில், இங்கிலாந்தில் பெவரிட்ஜ் அறிக்கை வெளியாகி, தொட்டிலிலிருந்து கல்லறை வரை சமூகப் பாதுகாப்பு என்ற பேச்சு உலகம் முழுக்கப் பரவியிருந்தது. அதார்க்கர் அவ்வளவு தூரம் போகவில்லை. ஜவுளி, என்ஜினீயரிங், கனிம-உலோகத் தொழில் ஆகிய மூன்று துறைகளுக்கு மட்டும் ஒரு திட்டம் வரைந்தார். கட்டாயமாக இருக்க வேண்டும், முதலாளியும் தொழிலாளியும் இருவருமே சந்தா கட்ட வேண்டும் என்பது அதன் அடிப்படை. அறிக்கையை அவர் கொடுத்த தேதி 1944 ஆகஸ்ட் 15. தற்செயல்தான், ஆனாலும் ஞாபகம் வைத்துக்கொள்ள வசதியான தேதி.

"கட்டாயம்" என்ற சொல்லில்தான் விஷயமே இருக்கிறது. விருப்பப்பட்டவர்கள் மட்டும் சேரலாம் என்று விட்டால் என்ன ஆகும்? சீக்காளிகளும், சீக்காளிகளை வைத்திருக்கும் முதலாளிகளும் மட்டும் ஓடிவந்து சேருவார்கள். ஆரோக்கியமானவர்கள் வெளியே நின்றுவிடுவார்கள். நிதி காலியாகும். இன்ஷூரன்ஸ் பாடத்தில் முதல் அத்தியாயத்திலேயே வரும் சங்கதி இது. எல்லோரையும் உள்ளே இழுத்தால்தான் ஆளுக்குக் கொஞ்சம் காசில் திட்டம் நடக்கும். சின்ன முதலாளிகளுக்கும் இ.எஸ்.ஐ.க்கும் பின்னாளில் வந்த சண்டைகள் எல்லாவற்றுக்கும் விதை இங்கேதான் விழுந்தது.

அதார்க்கர் திட்டத்தை ஐ.எல்.ஓ.வைச் சேர்ந்த மாரிஸ் ஸ்டாக், ரகுநாத ராவ் என்ற இரு நிபுணர்கள் 1945ல் பரிசீலித்தார்கள். மூன்று துறைகள் மட்டும் போதாது, வருடம் முழுக்க ஓடும் எல்லாத் தொழிற்சாலைகளையும் சேருங்கள், பிரசவ உதவியையும் விபத்து நஷ்டஈட்டையும் இதிலேயே இணைத்துவிடுங்கள் என்றார்கள். 1946 நவம்பரில் மசோதா வந்தது. முதலில் "வொர்க்மென்" என்று கைத்தொழிலாளர்களை மட்டும் குறித்த பெயர், பிறகு "எம்ப்ளாயீஸ்" என்று மாறி, குமாஸ்தாக்களும் உள்ளே வந்தார்கள். 1948 ஏப்ரல் 19ல் சட்டமானது. அதே வருடம் அக்டோபர் 6ஆம் தேதி கழகத்தைத் தொடங்கிவைத்தவர் கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி.

கழகத்தின் முதல் டைரக்டர் ஜெனரல் யார் தெரியுமா? டாக்டர் சுனி லால் கட்டியால். லண்டனில் ஏழைகள் வாழும் பகுதியில் டாக்டராக இருந்த பஞ்சாபிக்காரர். 1931ல் வட்டமேஜை மாநாட்டுக்குப் போன காந்தியும் சார்லி சாப்ளினும் சந்தித்துக்கொண்ட புகழ்பெற்ற போட்டோ இருக்கிறதே, அந்தச் சந்திப்பு நடந்தது இவர் வீட்டில்தான். 1938ல் லண்டன் ஃபின்ஸ்பரி பகுதிக்கு மேயரானார். அங்கே பல சிகிச்சைகளும் ஒரே கட்டடத்தில் கிடைக்கும்படி ஒரு சுகாதார நிலையம் கட்டியதில் பெரும் பங்கு வகித்தவர். பின்னாளில் ஊருக்கு ஊர் எழுந்த இ.எஸ்.ஐ. மருந்தகத்தின் வாசலில் சீட்டு வாங்கக் காத்து நின்ற எத்தனை பேருக்கு இந்த சாப்ளின் சம்பந்தம் தெரிந்திருக்கும்!

சட்டம் வந்தது 1948. முதல் தொழிலாளி முதல் மாத்திரை வாங்கியது 1952. நடுவில் நாலு வருடம் ஏன் போனது என்பதுதான் வணிகவியல் கண்ணோட்டத்தில் இந்த வரலாற்றின் மிக ருசிகரமான பகுதி.

ஒரே நாளில் நாடு முழுக்கத் திட்டத்தைத் தொடங்க முடியாது. ஆஸ்பத்திரி வேண்டும், டாக்டர் வேண்டும். அதனால் கான்பூர், டெல்லி என்று ஒவ்வோர் ஊராக ஆரம்பிக்கலாம் என்று கழகம் நினைத்தது. உடனே அந்த ஊர் முதலாளிகள் கேள்வி கேட்டார்கள். "எங்கள் ஊரில் மட்டும் சந்தா வசூலித்தால் எங்கள் துணியின் அடக்க விலை கூடும். பம்பாய்க்காரரும் அகமதாபாத்காரரும் சந்தா கட்டாமல் அதே துணியை எங்களைவிட மலிவாக விற்பார்களே?" நியாயமான கேள்விதான். தொழிலாளிக்கு வைத்தியம் வேண்டாம் என்று யாரும் வெளிப்படையாகச் சொல்லவில்லை. பக்கத்துக் கடைக்காரனும் கட்டினால் நானும் கட்டுகிறேன் என்றார்கள். இன்றைக்கும் சின்ன முதலாளிகள் சொல்வது இதையேதான்.

1951ல் சட்டத்தைத் திருத்தி இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். திட்டம் வந்த ஊரோ, வராத ஊரோ, சட்டத்துக்கு உட்பட்ட எல்லா முதலாளிகளும் ஒரு "சிறப்புச் சந்தா" கட்ட வேண்டும். திட்டம் வந்த பகுதியில் சம்பளத்தில் 1.25 சதவீதம், வராத பகுதியில் 0.75 சதவீதம். சுமையை நாடு முழுக்கப் பரப்பிவிட்டதால் போட்டியில் பாதிப்பு குறைந்தது. தன் ஊரில் ஓர் ஊசி கூடப் போடப்படாத நிலையில் பணம் கட்டிய முதலாளிகளுக்கு எரிச்சல் வந்திருக்கும், ஆனால் வேறு வழியும் தெரியவில்லை.

1952 பிப்ரவரி 24ல் கான்பூரில் நேரு திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அதே நாளில் டெல்லியிலும் தொடக்கம். இரண்டு ஊரிலும் சேர்த்துச் சுமார் 1.2 லட்சம் தொழிலாளர்கள். தமிழ்நாட்டுக்கு வந்தது 1955 ஜனவரியில், முதலில் கோயம்புத்தூருக்கு. பஞ்சாலைகள் நெருக்கமாக இருந்த ஊர் என்பதால் அங்கே தொடங்கியது பொருத்தம்தான்.

அந்தக் காலத்தில் சந்தா கட்டும் முறையே வேடிக்கையாக இருக்கும். ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஓர் அட்டை. முதலாளி இ.எஸ்.ஐ. ஸ்டாம்பு வாங்கி வந்து, தபால்தலை ஒட்டுவதுபோல அந்த அட்டையில் ஒட்ட வேண்டும். ஆரம்பத்தில் மாதம் 400 ரூபாய்க்கு மேல் வாங்குபவர்கள் திட்டத்தில் கிடையாது. வைத்தியமும் தொழிலாளிக்கு மட்டுமே. அவர் மனைவிக்கோ குழந்தைக்கோ சீக்கு வந்தால் மருந்தகத்தில் இடமில்லை. குடும்பத்துக்கும் வைத்தியம் என்பது 1958ல்தான் ஆரம்பித்தது.

இந்தக் காலம் முழுவதும் சின்ன முதலாளிகள் கவலையில்லாமல் இருந்தார்கள். மின்சாரம் பயன்படுத்தி, இருபது பேரோ அதற்கு மேலோ வைத்து, வருடம் முழுக்க ஓடும் தொழிற்சாலைக்குத்தான் சட்டம். பருத்தி அரைவை, வெல்லம், சர்க்கரை மாதிரி சீசன் தொழிலுக்கு விலக்கு. கடைக்கு இல்லை, ஓட்டலுக்கு இல்லை. கையால் வேலை நடக்கும் இடத்துக்கும் இல்லை.

ஆனால் சட்டத்தில் முதல் பிரிவிலேயே ஒரு சின்னக் கதவு இருந்தது. மாநில அரசு விரும்பினால் மற்ற நிறுவனங்களுக்கும் இதை விரிவாக்கலாம் என்று ஓர் உட்பிரிவு. 1970களில் மாநிலங்கள் ஒவ்வொன்றாக அந்தக் கதவைத் திறந்தன. கடைகள், ஓட்டல்கள், சினிமா தியேட்டர்கள், லாரி-பஸ் கம்பெனிகள், பத்திரிகை அலுவலகங்கள் என்று இருபது பேர் வேலை செய்யும் இடங்கள் உள்ளே வந்தன. கூடவே வழக்குகளும் வந்தன.

இந்த வழக்குகளைப் படித்தால் சட்டப் புத்தகம் படிக்கிற மாதிரியே இருக்காது. முதலாவது சினிமா தியேட்டர் வழக்கு. ஹைதராபாத்தில் ராயல் டாக்கீஸ். தியேட்டருக்குள் கேன்டீன், வெளியே சைக்கிள் ஸ்டாண்டு. இரண்டையும் கான்ட்ராக்டுக்கு விட்டிருந்தார்கள். "முறுக்கு விற்பவரும் சைக்கிளுக்கு டோக்கன் தருபவரும் எங்கள் ஆட்களே இல்லை, சம்பளம் தருவது கான்ட்ராக்டர்" என்பது தியேட்டர்காரர்கள் வாதம். 1978ல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் அதை ஏற்கவில்லை. படம் பார்க்க வருபவர்களுக்குக் கேன்டீனும் ஸ்டாண்டும் தியேட்டரின் வேலையோடு சேர்ந்தவைதான், ஆகவே இ.எஸ்.ஐ. விஷயத்தில் அவர்களும் தியேட்டரின் ஊழியர்களே என்றார். கான்ட்ராக்டர் பெயரைச் சொல்லித் தப்பிக்கும் வழி இதோடு குறுகியது. திருப்பூர் மாதிரி ஜாப் ஒர்க்கில் ஓடும் ஊர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது ஜெய்ப்பூரில் ஹிந்து ஜியா பேண்டு. கல்யாணங்களுக்குப் போய் வாசிக்கும் பேண்டு வாத்தியக் குழு. "கடை" என்றால் ஏதாவது பொருள் விற்க வேண்டாமா, நாங்கள் ஊதுகிறோம், அவ்வளவுதானே என்றார்கள். சேவையை விற்றாலும் அது கடைதான் என்று 1987ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதே வழியில், 1990களில் நம் சென்னையின் ஆர்.கே.சுவாமி விளம்பர நிறுவனத்தின் வழக்கு. விளம்பரக் கம்பெனியும் கடைதான் என்று முடிந்தது. டிராம்பெட் ஊதுபவரும் விளம்பர வாசகம் எழுதுபவரும் சட்டத்தின் முன் ஒரே ரகம் ஆனார்கள்.

இந்த வழக்குகள் ஒருபுறம் நடந்துகொண்டிருக்க, 1989ல் பாராளுமன்றம் சட்டத்தில் இரண்டு பெரிய மாற்றங்கள் செய்தது. ஒன்று, மின்சாரம் உள்ள தொழிற்சாலைக்குப் பத்து பேர் இருந்தாலே போதும், மின்சாரம் இல்லாத தொழிற்சாலைக்கு இருபது. இரண்டு, ஒரு தடவை சட்டத்துக்குள் வந்துவிட்டால், பிறகு ஆள் குறைந்தாலும் வெளியே போக முடியாது. இந்த இரண்டாவது மாற்றம் 1989 அக்டோபர் 20 முதல் அமலுக்கு வந்தது.

சின்ன முதலாளிகளை மிகவும் பயமுறுத்தியது இதுதான். தீபாவளி சமயத்தில் ஆர்டர் அதிகம், பன்னிரண்டு பேர் வைக்கிறார். தை மாதம் வியாபாரம் படுத்துவிட்டது, ஐந்து பேர்தான் மிச்சம். ஆனாலும் அந்த ஐந்து பேருக்கும் சந்தா கட்டியாக வேண்டும். தொழிலாளி பக்கத்திலிருந்து பார்த்தால் இது மிக நல்ல ஏற்பாடு. இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை அதிகாரி வரும்போதும் எண்ணிக்கை ஒன்பதாகிவிடும். ஆனால் இதன் பக்க விளைவாக, வளரக்கூடிய ஒரு சின்னத் தொழில் பத்தாவது ஆளை எடுக்கவே தயங்கும் நிலையும் வந்தது. அல்லது எடுத்துவிட்டு எழுதாமல் விடும் நிலை.

தெலங்கானாவில் ஒரு தியேட்டர் 1981லிருந்து நடந்து வந்தது. 1989 செப்டம்பர் வரை சந்தா கட்டியது. பிறகு ஆட்கள் இருபதுக்குக் கீழே போனதால் நிறுத்திவிட்டது. திருத்தம் வந்தது அதற்கு அடுத்த மாதம். பழைய நிறுவனத்துக்குப் புதிய விதி பொருந்துமா என்று வழக்கு நடந்து, 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், திருத்தம் வந்த தேதி முதல் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. ஒரு மாத இடைவெளியில் கிளம்பிய வழக்கு, முடிய முப்பது வருடத்துக்கு மேல்! கோர்ட் செலவில் எத்தனை வருடச் சந்தா கட்டியிருக்கலாம் என்று கணக்குப் போடத் தோன்றுகிறது.

பத்தா இருபதா என்பது "மின்சாரம் உண்டா இல்லையா" என்பதைப் பொறுத்து அமைந்ததால் ஓட்டல்காரர்களுக்கு ஒரு யோசனை வந்தது. சமையல் கேஸ் மின்சாரம் இல்லையே? சட்டத்தில் இருந்த சொல்லோ "பவர்". மனிதராலோ மிருகத்தாலோ உண்டாக்கப்படாத, இயந்திர முறையில் கடத்தப்படும் எந்த ஆற்றலும் பவர்தான் என்பது விளக்கம். குழாய் வழியே வரும் கேஸும் அதில் அடக்கம் என்று பாம்பே ஆனந்த் பவன் ஓட்டல் வழக்கில் 2009ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆக, கேஸ் அடுப்பில் தோசை சுட்டாலும் பத்து பேர் கணக்குதான். அடுத்த வருடமே, 2010ல், சட்டத்தைத் திருத்தி, பவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தொழிற்சாலைக்குப் பத்து பேர் என்று ஆக்கிவிட்டார்கள். அத்தனை வருட வாதப் பிரதிவாதமும் ஒரு வரியில் அர்த்தமில்லாமல் போனது. கடை, ஓட்டல்களுக்கும் தமிழ்நாடு உட்படப் பெரும்பாலான மாநிலங்கள் இருபதிலிருந்து பத்துக்கு இறங்கின.

இப்போது காசு விஷயத்துக்கு வருவோம். 1997 முதல் 2019 ஜூன் வரை முதலாளியின் பங்கு 4.75 சதவீதம், தொழிலாளியின் பங்கு 1.75 சதவீதம். 2019 ஜூலை 1 முதல் இது 3.25 மற்றும் 0.75 சதவீதமாகக் குறைந்தது. மாதம் 12,000 ரூபாய் சம்பளம் வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பழைய கணக்கில் முதலாளி 570 ரூபாய், தொழிலாளி 210 ரூபாய். புதிய கணக்கில் 390 ரூபாயும் 90 ரூபாயும். பத்து பேர் என்றால் முதலாளிக்கு மாதம் 5,700 ஆக இருந்தது 3,900 ஆனது. பெரிய கம்பெனிக்கு இது தூசு. மாதக் கடைசியில் கையில் இருபதாயிரம் நிற்கும் பட்டறைக்கு இது தூசு அல்ல.

சம்பள உச்சவரம்பும் கூடிக்கொண்டே வந்தது. 1948ல் 400 ரூபாயாக இருந்தது 1997ல் 6,500, 2004ல் 7,500, 2006ல் 10,000, 2010ல் 15,000, 2017 ஜனவரி முதல் 21,000. விலைவாசி ஏறும்போது வரம்பை ஏற்றாவிட்டால் சம்பளம் கூடிய காரணத்துக்காகவே ஒருவர் காப்பீட்டை இழப்பார். ஐநூறு ரூபாய் சம்பள உயர்வைக் கேட்டுப் பயப்படும் தொழிலாளி இருப்பார் என்றால் நம்புவீர்களா? வீட்டில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் அப்பா இருந்தால் அந்த உயர்வு நஷ்டம்தான்.

முதலாளியின் கடமை காசோடு முடிவதில்லை. இரண்டு பங்கையும் அவர்தான் கட்ட வேண்டும். தன் பங்கைக் காரணம் காட்டித் தொழிலாளியின் சம்பளத்தைக் குறைக்கக் கூடாது. தொழிலாளி இ.எஸ்.ஐ. விடுப்பில் படுத்திருக்கும்போது வேலையை விட்டு நிறுத்தக் கூடாது. சம்பளத்தில் பிடித்த பணத்தைக் கட்டாமல் வைத்துக்கொண்டால் அது வெறும் பாக்கி அல்ல. 1975ல் இந்திய தண்டனைச் சட்டத்தில் சேர்த்த ஒரு விளக்கம் அதை நம்பிக்கை மோசடிக் குற்றமாக்கியது. தாமதத்துக்கு 12 சதவீத வட்டி, அதற்கு மேல் அபராதம். இதையெல்லாம் சொன்னால் எந்தச் சின்ன முதலாளிக்கும் வயிறு கலங்கும்.

ஆனால் இதே சட்டம் அவருக்குத் தந்த ஒரு பெரிய பாதுகாப்பைப் பலரும் கவனிப்பதில்லை. பிரஸ்ஸில் கை மாட்டி ஒருவருக்கு விரல்கள் போய்விட்டன. இ.எஸ்.ஐ. இல்லாவிட்டால் நஷ்டஈடு முழுவதும் முதலாளியின் தலையில். இன்றைய சம்பளத்தில் அது சில லட்சங்களைச் சுலபமாகத் தாண்டும். இ.எஸ்.ஐ. இருந்தால் அந்தப் பொறுப்பு கழகத்துக்குப் போய்விடும், முதலாளியிடம் இழப்பீட்டு வழக்கு போட முடியாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே விபத்து நடந்தாலும் இது பொருந்தும். சந்தா எத்தனை நாள் கட்டினார் என்று பார்ப்பதில்லை. மாதம் 390 ரூபாயில் இப்படி ஒரு விபத்துக் காப்பீடு வேறு எங்கே கிடைக்கும்? பதிவேட்டில் பெயர் ஏறாத அந்தப் பதினொன்றாவது ஆளின் கைதான் இயந்திரத்தில் மாட்டும் என்பது பட்டறைக்காரர்களுக்கும் தெரியும். அப்படி மாட்டினால் தொழிலாளிக்குக் கையும் போய், ஓய்வூதியமும் போய்விடும். முதலாளிக்குப் பட்டறையே போகலாம்.

தொழிலாளிக்குக் கிடைப்பவை என்ன? தனக்கும் குடும்பத்துக்கும் வைத்தியம், நோய்வாய்ப்பட்டால் வருடத்தில் 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம், காசநோய் போன்ற நீண்ட நோய்களுக்கு இரண்டு வருடம் வரை 80 சதவீதம், பிரசவத்துக்கு 26 வாரம் முழுக் கூலி, வேலையில் இறந்தால் குடும்பத்துக்கு மாத உதவித்தொகை. காகிதத்தில் பார்த்தால் தனியார் பாலிசி எதுவும் கிட்டே வர முடியாது. நடைமுறையில்? மருந்தகத்தில் கூட்டம், மருந்து இல்லை, பெரிய சிகிச்சைக்கு ஊர்விட்டு ஊர் அனுப்புவது. பின்னலாடைத் தொழிலாளர்கள் லட்சக்கணக்கில் இருக்கும் திருப்பூருக்கு 100 படுக்கை இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு அடிக்கல் நாட்டியதே 2019 பிப்ரவரியில்தான். அதுவரை அந்த ஊர் முதலாளிகளும் தொழிலாளர்களும் கட்டிய சந்தாவைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். "பணமும் கட்டுகிறேன், என் ஆளுக்கு உடம்பு சரியில்லாவிட்டால் தனியார் ஆஸ்பத்திரிக்கும் நானே கொடுக்கிறேன்" என்று புலம்பும் முதலாளியை வெறும் கஞ்சன் என்று ஒதுக்க முடியாதது இதனால்தான்.

பத்து பேருக்குக் கீழே இருப்பவர்களுக்கு என்ன வழி இருந்தது? 1986ல் பொதுத்துறை இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் மெடிக்ளெய்ம் பாலிசி கொண்டுவந்தன. 2000க்குப் பிறகு தனியார் கம்பெனிகளும் வந்து, குரூப் பாலிசி பரவலானது. ஆஸ்பத்திரியில் படுத்தால் குறிப்பிட்ட தொகை வரை பில்லைக் கொடுப்பார்கள். ஆனால் படுத்திருக்கும் நாட்களின் கூலி வராது, சாதாரண காய்ச்சல் மாத்திரைக்கு ஒன்றும் கிடையாது. முதலாளி மனது வைத்தால் உண்டு, அடுத்த வருடம் வியாபாரம் சரியில்லை என்றால் பாலிசி புதுப்பிக்கப்படாது. தமிழ்நாட்டில் 2009ல் வந்த கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012ல் அதன் இடத்தில் வந்த முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் இந்த இடைவெளியில் அறுவை சிகிச்சைச் செலவைப் பெருமளவு தாங்கின. அதில் முதலாளிக்குப் பங்கே இல்லை என்பது வேறு விஷயம்.

நடுவில் கொரோனா. 2020 ஏப்ரல் 15ல் ஊரடங்குத் தளர்வு பற்றி மத்திய உள்துறை வெளியிட்ட வழிகாட்டுதலில், தொழிலாளர்களுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம் என்று ஒரு வரி இருந்தது. பத்து பேர், இருபது பேர் என்ற எண்ணே அதில் இல்லை. மறுநாளே இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் கம்பெனிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. ஆனாலும் அது பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் வந்த தற்காலிக உத்தரவு. ஊரடங்கு போனதும் அதுவும் போனது.

அதே 2020 செப்டம்பரில் பாராளுமன்றம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. ஐந்து வருடம் கிடப்பில் இருந்து, 2025 நவம்பர் 21ல் அமலுக்கு வந்தபோது 1948ஆம் வருடச் சட்டம் விடைபெற்றது. பத்து என்ற எண் மட்டும் அப்படியே புதிய சட்டத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு தடவை உள்ளே வந்தால் வெளியே போக முடியாது என்ற விதியும் கூடவே வந்தது. புதிதாகச் சேர்ந்தவை இரண்டு. ஆபத்தான தொழில் என்று அரசு அறிவிக்கும் வேலைகளில் ஒரே ஓர் ஆள் இருந்தாலும் இ.எஸ்.ஐ.யைக் கட்டாயமாக்கலாம். பத்து பேருக்குக் கீழே உள்ள நிறுவனங்களில் முதலாளியும் பெரும்பான்மை ஊழியர்களும் ஒப்புக்கொண்டால், தாங்களாகவே சேர்ந்துகொள்ளலாம்.

விருப்பம் உள்ளவர்கள் மட்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அதார்க்கர் காலத்தில் இருந்த பயம், இந்த இரண்டாவது வழியில் திரும்ப வந்திருக்கிறது. ஒன்பது பேர் உள்ள பட்டறையில் எப்போது சேர யோசிப்பார்கள்? ஒருவருக்குக் கிட்னி கோளாறு என்று தெரிந்த பிறகா, அதற்கு முன்னாலேயா? இன்னொரு பக்கம், ஒன்பதோடு நிறுத்தி வைத்திருக்கும் பதிவேட்டுக்கு இனி ஒரு சாக்கு குறைவு. ஒன்பது பேர்தான் இருக்கிறார்கள் என்று சொல்லும் முதலாளியிடம், அந்த ஒன்பது பேருமே "அப்படியென்றால் நாமாகச் சேர்ந்துவிடலாமே அண்ணாச்சி" என்று கேட்க இப்போது சட்டத்தில் இடம் இருக்கிறது.